பழைய டீசல் கார் உதறுகிறதா? மவுண்ட் வாங்குமுன் பொனற்றைத் திறவுங்கள்

"அண்ணை, ஸ்டார்ட் பண்ணினால் டாஷ்போர்டே கடகடவெண்டு ஆடுது. இஞ்செக்டர் போட்டுதோ?" யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் கராஜுக்கு டொயோட்டாவின் டூ-சி டீசல் எஞ்சின் பூட்டிய கொறோலா கொண்டு வருபவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் கேட்பார்கள். 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 இல் திறந்துவிட்டார்கள், விலைதான் எட்டவில்லை. ஆகவே முப்பது வயதுக் கார்களோடுதான் நாங்கள் குடும்பம் நடத்துகிறோம்.

முதலில் காதைக் கொடுங்கள். எஞ்சின் சத்தம் தப்பித் தப்பி வந்தால், வெள்ளைப் புகையும் சேர்ந்தால், கோளாறு பெரும்பாலும் டீசலைப் பீச்சும் இஞ்செக்டரிலோ, ஸ்டார்ட் பண்ணும்போது சூடேற்றும் குளோ பிளக்கிலோ இருக்கும். சத்தம் சீராக இருந்து காரின் பொடி மட்டும் நடுங்கினால், எஞ்சினைப் பொடியோடு தாங்கி நிற்கும் றப்பரான மவுண்டைச் சந்தேகியுங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் 750 ஆர்பிஎம்மில் நிற்கும்போது ஒரு செக்கனுக்கு 25 தரம் எரிகிறது. டீசலுக்குக் கம்பிரஷன் பெற்றோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்த அடியை எல்லாம் வாங்கிக்கொள்வது நாலு றப்பர் துண்டுகள்.

எது போய்விட்டது என்று பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். ஹாண்ட் பிரேக், கால் பிரேக் இரண்டையும் அழுத்தி, முதல் கியரில் கிளட்சை மெல்ல அரைவாசி விடச் சொல்லுங்கள். பிறகு ரிவேர்சிலும் அப்படியே. நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், காருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்க வேண்டாம். எஞ்சின் கொஞ்சம் அசைவது வழமை. ஒரு பக்கம் துள்ளி எழும்பி 'டொக்' என்று விழுந்தால் அந்தப் பக்கத்து றப்பர் கிழிந்திருக்கிறது. சிலவற்றின் உள்ளே திரவம் இருக்கும். கிழிந்தால் கீழே கறுப்பாக வடிந்த கறை தெரியும்.

கண்டுபிடித்த கையோடு பாகம் வாங்க ஸ்ரான்லி வீதிக்கு ஓடாதீர்கள். அந்த றப்பரை விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் வயதுக் கோளாறு, மாற்றினால் சரி. ஊதி, பிசுபிசுவென்று, நகம் பட்டாலே பெயர்ந்து வந்தால் அது ஒயில் குடித்த றப்பர். மேலே எஞ்சின் மூடியின் அடைப்பான வால்வ் கவர் கஸ்கெட்டோ டீசல் பம்போ கசிகிறது. அதை அடைக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் ஊறி அதே வழியில்தான் போகும். சேர்விஸ் ஸ்டேஷனில் மண்ணெண்ணெய் அடித்து எஞ்சின் கழுவுவதும் இதே வேலையைத்தான் செய்யும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

மாற்றும்போது எஞ்சினின் அடித்தட்டான ஒயில் சம்புக்குக் கீழே நேரடியாகத் தூக்கும் ஜக்கை வைத்தால் தகடு நெளியும். இடையில் அகலமான பலகைத் துண்டு ஒன்று வையுங்கள். எஞ்சினின் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். ஒன்றைக் கழற்றிப் பூட்டிய பிறகே மற்றதில் கை வையுங்கள். போல்ற்றுகளை அரைவாசி இறுக்கி, ஜக்கை இறக்கி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்த பிறகு முழுதாக இறுக்குங்கள். இல்லாவிட்டால் றப்பர் முறுகியபடியே நின்று, புதிய மவுண்டோடும் கார் உதறும்.

ரீகண்டிஷன் என்று விற்கும் பாவித்த மவுண்ட் வாங்கினால் வெளிச்சத்தில் மடித்துப் பாருங்கள். மயிர் வெடிப்புத் தெரிந்தால் வேண்டாம். மலிவான புதியவற்றில் சில கல்லைப்போல இறுகி இருக்கும், அதைவிடப் பழையதே மேல். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது பாகம் எதுவும் வராததால் பழைய ரயரை வெட்டி அடைத்து ஓடினோம். இன்றைக்கும் அதைக் கேட்டு வருபவர்கள் உண்டு. அப்படி அடைத்தால் துள்ளல் நிற்கும், நடுக்கம் அப்படியே பொடிக்கு ஏறும்.

வேலை முடிந்ததும் சைலன்சர் குழாயின் மூட்டுகளையும் ரேடியேட்டர் ஹோசையும் ஒருக்கா வடிவாகப் பாருங்கள். கிழிந்த மவுண்டோடு கனநாள் ஓடிய காரில் குழாய் வெடித்திருக்கும், ஹோஸ் எங்காவது உரசித் தேய்ந்திருக்கும்.