ஓடும்போது விலாப் பிடிப்பு வராமல் இருக்க

தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். காலில் வலு இருந்தும், இரண்டாவது சுற்றிலேயே வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே ஊசி குத்துவதுபோல் வலித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கும் இளைஞர்களைப் பயிற்சி மைதானங்களில் அடிக்கடி காணலாம். உழைத்துப் பயின்றவர்கள் இதனால் வாய்ப்பை இழக்கக் கூடாது. பெரும்பாலும் இது ஓடுவதற்கு முன்பே தடுக்கக்கூடிய வலிதான்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்துக்கு இரத்த ஓட்டம் குறைவதே காரணம் என்று முன்பு கருதினார்கள். வயிற்றறையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு உராய்வதால் வலிக்கிறது என்னும் விளக்கத்துக்கு இப்போது ஆதரவு கூடியிருக்கிறது. வயிறு நிறைந்திருந்தால் அந்த உராய்வும் கூடும் என்பதால், முதலில் கவனிக்க வேண்டியது உணவு நேரத்தைத்தான். முழுச் சாப்பாட்டுக்குப் பின் குறைந்தது 2 மணி நேரம், அடிக்கடி பிடிப்பு வருபவர்கள் 3 மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. அதிகாலையில் ஓடுபவர்களுக்கு ஒரு வாழைப்பழமே போதும். தெம்புக்காகக் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரையோ பழச்சாற்றையோ ஓட்டத்துக்குச் சற்று முன் குடிக்கும் பழக்கத்தைக் கட்டாயம் கைவிட வேண்டும். சர்க்கரை மிகுந்த பானங்கள் வெறும் தண்ணீரைவிட இந்த வலியை அதிகம் தூண்டுகின்றன. தண்ணீரையும் ஒரேயடியாகக் குடிக்காமல், முன்கூட்டியே சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும்.

அடுத்தது வேகம். 7 நிமிடக் கணக்குக்கு 400 மீட்டர் சுற்றொன்றை 1 நிமிடம் 52 விநாடிகளில் ஓடினால் போதும் என்றிருக்க, கூட்டத்தோடு முண்டியடித்து முதல் 200 மீட்டரிலேயே மூச்சிரைத்துப்போவது வலியை வரவழைத்துக்கொள்வதாகும். பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடலைச் சூடாக்கிய பிறகே வேகமெடுக்க வேண்டும். கூன் விழுந்த முதுகோடு ஓடுபவர்களுக்கு இத்தொல்லை அதிகம் என்பதால், நிமிர்ந்து ஓடப் பழகுவதும், வயிற்றுத் தசைக்கு வலுவூட்டும் பிளாங்க் போன்ற பயிற்சிகளைச் செய்வதும் உதவும்.

அப்படியும் பிடித்துக்கொண்டால், வேகத்தைக் குறைத்து, வலிக்கும் இடத்தை விரல்களால் அழுத்தியபடி சற்று முன்குனிந்து, உதட்டைக் குவித்து மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். ஓட்டத்தை நிறுத்திய பிறகும் வலி தணியாவிட்டாலோ, நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ சேர்ந்து வந்தாலோ, அதை விலாப் பிடிப்பு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.