மிதந்தது, மணந்தது, ஆனாலும் அம்பர் இல்லை

கன்னியாகுமரி கடற்கரைக் கடை ஒன்றில் தேன் நிறப் பாசிமணி மாலை ஒன்று வாங்கினேன். ‘ஒரிஜினல் அம்பர் சார், உப்புத் தண்ணியில மிதக்கும்’ என்றார்கள். வீட்டில் கரைத்த உப்புநீரில் மிதக்கவும் செய்தது. பிறகு ஒரு மணியில், நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்து அழுத்தினேன். பலாப்பழம் அறுத்த கைபோல விரல் ஒட்டிக்கொண்டது, ரேகையும் பதிந்திருந்தது. மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகிய மரப்பிசினான அம்பர் இப்படி ஒட்டாது. அது கோபல், அதாவது அம்பர் ஆகும் வழியில் பாதியில் நிற்கும் மரப்பிசின்.

மிதப்பதை நம்பியதுதான் என் தவறு. அம்பரின் அடர்த்தி சுமார் 1.05 முதல் 1.10, கடல்நீர் 1.025தான். முக்கடல் சங்கமத்துத் தண்ணீரில் நல்ல அம்பரும் பெரும்பாலும் மூழ்கும். பக்கத்துப் புத்தளம் உப்பளத்தில் உப்புப் பூக்கும் பாத்தி நீரில் மிதக்கும். ஆனால் கோபலும் அங்கே மிதக்கும், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் மிதக்கும். கண்ணாடியையும் கனமான பிளாஸ்டிக்கையும் கழிக்கலாம், அவ்வளவே.

சூடான ஊசியால் குத்தி மணம் பார்க்கும் சோதனையும் அப்படித்தான். கோபல், அம்பர் இரண்டுமே மணக்கும். பிளாஸ்டிக்கா பிசினா என்று மூக்கு சொல்லும், வயதைச் சொல்லாது. கோபல் 150 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும், அம்பருக்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும். எப்படியானாலும் மணியில் தழும்பு விழும்.

உள்ளே பூச்சி இருந்தால் பழசு என்பார்கள். கோபலிலும் பூச்சிகள் தாராளம். அதன் வயது சில நூறு முதல் பல ஆயிரம் ஆண்டுகள். பால்டிக் அம்பருக்கோ 3 கோடிக்கு மேல். வயது மட்டும் போதாது. மண்ணுக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் வெளியேறி, மூலக்கூறுகள் பின்னிக்கொள்ள வேண்டும். கோபலைச் சூடும் அழுத்தமும் கொடுத்துப் பதப்படுத்தி ‘பச்சை நிற அம்பர்’ என்று விற்பதும் உண்டு.

பிசின் என்ற சொல்லும் நம்மைக் குழப்பும். பாதாம் பிசினை இரவில் ஊறவைத்தால் காலையில் கிண்ணம் நிறையும். அது கோந்து, அம்பர் ஆகாது. குங்கிலியமோ உண்மையான மரப்பிசின், தண்ணீரில் கரையவே கரையாது. நம் மலையில் வளரும் வெள்ளைக் குங்கிலிய மரத்தின் பிசினுக்கு ‘இந்தியன் கோபல்’ என்றே வணிகப் பெயர் உண்டு, ஆனால் அது புதுப் பிசின். அதே மரக் குடும்பம் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வடித்த பிசின்தான் இன்று குஜராத் லிக்னைட் சுரங்கங்களில் அம்பராகக் கிடைக்கிறது.

எங்கள் கடலோரத்தில் ‘அம்பர்’ என்றால் திமிங்கலத்து அம்பர்தான் நினைவுக்கு வரும். அது திமிங்கலத்தின் குடலில் உருவாகும் வேறு பொருள், 1972 வனவிலங்குச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம்.

நகப்பூச்சு நீக்கியில் அசிட்டோன் இல்லாத வகையும் விற்கிறது, லேபிளைப் பாருங்கள். சொட்டை மணியின் ஓட்டைப் பக்கம் விட்டால் தடம் தெரியாது. நான் நடுவில் விட்டுவிட்டேன்.