கையில் பாயின்டர், திரையில் கர்சர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் இருக்கும் பாயின்டரைத் திருப்பினால், புரொஜெக்டர் காட்டும் படத்தின் மேல் கர்சர் கூடவே போக வேண்டும். தேவை இவ்வளவுதான். திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப்பும் (சுருக்கமாகக் கைரோ), முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானியும் சேர்ந்த ஒரு சின்ன சென்சாரை, மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லோடு இணைத்தால், ஒரே நாளில் கர்சரை அசைய வைத்துவிடலாம். பிறகு பாயின்டரை மேசையில் வைத்துவிட்டுப் பாருங்கள். யாரும் தொடாமலே கர்சர் மெதுவாக ஓரத்துக்கு நகரத் தொடங்கும். உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, சென்சாருக்குத் தெரியாத ஒன்றை அதனிடம் கேட்பதால் வருபவை. கை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அதற்குத் தெரியும். பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்றும் தெரியும். கை அறையில் எந்த இடத்தில் இருக்கிறது, திரை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் வேகம், மறுமுறை தொகையிட்டால் தூரம் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அதை நம்பி முடுக்கமானியிலிருந்து கையின் இடத்தைக் கணக்கிட முயல்வதுதான் அதிக நாட்களை வீணாக்கும் தவறு. முடுக்கமானி புவியீர்ப்பையும் சேர்த்தே அளக்கிறது. அதைக் கழிக்க, பாயின்டரின் சாய்வு மிகத் துல்லியமாகத் தெரிய வேண்டும். சாய்வில் 1 டிகிரி பிசகினால்கூட, கிட்டத்தட்ட 0.17 மீட்டர்/வினாடி² அளவுக்கு இல்லாத முடுக்கம் ஒன்று கணக்கில் ஒட்டிக்கொள்ளும். 5 வினாடியில் அது 2 மீட்டருக்கு மேற்பட்ட நகர்வாக வளர்ந்துவிடும். கை அசைந்திருக்கவே செய்யாது. அளவீட்டின் பிசிறை நீக்கும் எந்த ஃபில்டரைப் போட்டும் இதைக் காப்பாற்ற முடியாது என்பதால், இந்த வழியை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

அப்புறம் கைரோ. அசையாமல் இருக்கும்போதும் அது சுழியத்தைக் காட்டாது, ஏதோ ஒரு சிறு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். 2 மீட்டர் அகலத் திரைக்கு 3 மீட்டர் தள்ளி, நடுவில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரை முழுவதும் சுமார் 37 டிகிரிக்குள் அடங்கிவிடும். கிடைமட்டமாக 1920 பிக்சல் இருந்தால், 1 டிகிரிக்கு ஏறக்குறைய 52 பிக்சல். கைரோவின் பிழை வினாடிக்கு 1 டிகிரி என்றால், நடுவில் இருக்கும் கர்சர் 20 வினாடிக்குள் திரையை விட்டே போய்விடும். பிழையை 0.1 டிகிரிக்குக் குறைத்தாலும் ஒரு நிமிடத்தில் 300 பிக்சல் விலகல் வரும்.

தொடக்கத்தில் சில வினாடி அசையாமல் வைத்து, சராசரி எடுத்துக் கழித்தால் போதும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது. சென்சார் சூடாகச் சூடாக இந்தப் பிழையும் மாறும், கைச்சூடும் அதில் சேரும். பாயின்டர் அசையாமல் கிடக்கும் நேரங்களை நிரலே கண்டுபிடித்து, அவ்வப்போது திருத்திக்கொள்ள வேண்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘அசைவில்லை’ என்பதற்கான எல்லையைத் தாராளமாக வைத்துவிட்டால், ஒருவர் நிதானமாக ஒரு கோட்டின் மேல் சுட்டிக்கொண்டு போகும்போது, அந்த மெதுவான அசைவையே பிழை என்று நினைத்து நிரல் விழுங்கிவிடும். கையை நிறுத்தியதும் கர்சர் பின்னோக்கி நகரும். வேகம் குறைவாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அளவீடு கொஞ்ச நேரம் நடுக்கமே இல்லாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மனிதக் கையில் எப்போதும் ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கும், மேசைக்கு அது கிடையாது.

இடவல விலகலைச் சரிசெய்ய, திசைகாட்டி போல வடக்கைக் காட்டும் காந்தமானியைச் சேர்க்கலாமே என்று தோன்றும். அறைக்குள் நான் அதை நம்ப மாட்டேன். இரும்பு மேசை, ஒலிபெருக்கி, சுவருக்குள் இருக்கும் கம்பி என எல்லாமே காந்தப்புலத்தை வளைக்கும். இரண்டடி நகர்ந்தாலே வடக்கு வேறு பக்கம் இருக்கும்.

கர்சர் சரியாகச் சுட்டும் இடத்திலேயே நிற்க வேண்டுமென்றால், திரை இருக்கும் இடத்தைச் சொல்லும் அடையாளம் ஒன்று வெளியிலிருந்து வந்தாக வேண்டும். 2006இல் வந்த நிண்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் கருவியின் கைக்கருவி இதை அழகாகத் தீர்த்தது. டிவிக்கு அருகே வைக்கும் பட்டையில் சென்சார் எதுவும் இல்லை, அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே. கைக்கருவியின் முனையில் இருக்கும் கேமரா அவற்றைப் பார்த்துத்தான் சுட்டும் இடத்தைக் கணக்கிட்டது. கைரோ அதற்கு 2009இல்தான் துணைக்கருவியாக வந்தது. இவ்வளவு ஏற்பாடு வேண்டாம் என்றால், மவுஸ் போல ‘இங்கிருந்து இவ்வளவு நகர்’ என்ற முறைக்கு வந்துவிடுங்கள். ஒரு பட்டனை அழுத்தினால் கர்சர் நடுவுக்கு வரட்டும். கண் கர்சரைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், சிறு விலகலைக் கை தானாகச் சரிசெய்துகொள்ளும். பெரும்பாலான தேவைகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

பாயின்டரை எல்லோரும் நேராகப் பிடிப்பதில்லை. மணிக்கட்டு 30 டிகிரி உருண்டிருந்தால், கையை வலப்பக்கம் நகர்த்தும்போது கர்சர் கோணலாக ஏறும் அல்லது இறங்கும். இங்கேதான் முடுக்கமானிக்கு நல்ல வேலை இருக்கிறது. கீழ்ப்பக்கம் எது என்று அது சொல்லும், அந்த உருளலுக்கு ஏற்ப கைரோவின் இரு அச்சுகளையும் திருப்பிக்கொண்டால் சரியாகிவிடும்.

கோணத்தை ஒரு எண்ணால் பெருக்கினால் பிக்சல் கிடைக்கும் என்பதும் பாதிதான் உண்மை. தட்டையான திரையில் தூரம் கோணத்தின் டான்ஜென்ட்டைப் பொறுத்தது. நடுவில் நின்றால் வித்தியாசம் சிறியது. அதே திரையின் இடது ஓரத்துக்கு நேரே நின்றால், அருகில் 1 டிகிரி என்பது 5.2 செ.மீ., மறுமுனையில் 7.6 செ.மீ. நான்கு மூலைகளையும் சுட்டச் சொல்லி அதிலிருந்து கோணத்தைத் திரைப்புள்ளியாக மாற்றும் உருமாற்றத்தைக் கணக்கிட்டால், புரொஜெக்டர் சாய்வாக வைக்கப்பட்டதால் வரும் கோணலும் அதிலேயே அடங்கிவிடும். ஆனால் நிற்கும் இடத்தை மாற்றினால் மறுபடி சுட்ட வேண்டும்.

கைரோவின் அளவெல்லையை, அதாவது அது அளக்கும் உச்ச வேகத்தை, குறைவாக வைப்பதும் வழக்கமான தவறு. எம்.பி.யு. 6050 போன்ற சென்சாரில் 250 முதல் 2000 டிகிரி/வினாடி வரை தேர்ந்தெடுக்கலாம். 250இல் வைத்துவிட்டுக் கையைச் சட்டெனச் சுழற்றினால் அளவீடு உச்சியில் முட்டி நிற்கும், விடுபட்ட கோணம் திரும்பக் கிடைக்காது.

நடுக்கத்தைக் குறைக்கக் கடைசி 10 அளவீடுகளின் சராசரியை எடுக்கிறார்கள். வினாடிக்கு 100 அளவீடு என்றால் அது சுமார் 45 மில்லிவினாடி தாமதம். புரொஜெக்டரின் தாமதம் இதன் மேல் தனியாக ஏறும். கை வேகமாகப் போகும்போது நடுக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது, தாமதம்தான் தெரியும். மெதுவாகப் போகும்போது நேர்மாறு. ஆகவே வேகத்துக்கு ஏற்ப மென்மையை மாற்றும் ஃபில்டர் வேண்டும். 2012இல் வெளிவந்த ஒன் யூரோ ஃபில்டர் இதைச் சில வரி நிரலிலேயே செய்கிறது.

பட்டனை அழுத்தும் விசையே பாயின்டரை ஆட்டிவிடும், அதனால் சொடுக்கு பக்கத்து இடத்தில் விழும். அழுத்துவதற்குச் சற்று முன் கர்சர் இருந்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் நீங்கள் மட்டும் சோதிக்காதீர்கள். செய்தவரின் கை அதன் குறைகளுக்கெல்லாம் பழகிப்போயிருக்கும். இதுவரை அதைத் தொடாத ஒருவரிடம், முடிந்தால் இடக்கைக்காரர் ஒருவரிடமும் கொடுத்து, எதுவும் சொல்லாமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள்.