கம்பெனி மூழ்கப்போகுதான்னு ஸ்டோர்ரூம பாத்தே கண்டுபிடிக்கறது எப்படி

நான் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனில 9 வருஷம் இருந்தேன், கடைசி 3 வருஷம் ஸ்பேர்ஸ் பக்கம். இப்ப அந்த கம்பெனி இல்ல, பேரும் வேணாம். மூடுன அன்னிக்கு பாதி பேரு "என்ன இப்படி திடீர்னு"ன்னு கேட்டாங்க. திடீர்னுலாம் ஒண்ணும் ஆகல, ஒரு வருஷமா ஸ்டோர்ரூம்ல அப்பட்டமா தெரிஞ்சுட்டுதான் இருந்துச்சு, நாங்கதான் மீட்டிங்ல பெரியவர் போட்ட ஸ்லைட நம்பிட்டு உக்காந்திருந்தோம். அதனால ஸ்லைட விடுங்க, சரக்க பாருங்க.

முதல்ல சப்ளையர். நல்லா ஓடுற காலத்துல அவன் சரக்க அனுப்பிட்டு 60 நாள் கழிச்சுதான் காசு கேப்பான். எங்களுக்கு அது 30 ஆச்சு, அப்புறம் அட்வான்ஸ் வந்தாதான் வண்டியே கிளம்பும்னு ஆச்சு. இத எந்த மெயில்லயும் போட மாட்டாங்க, பர்சேஸ்ல இருக்கறவங்க கிட்ட சும்மா பேச்சு குடுத்தா தானா வரும். எனக்கு மண்டைல உறைச்சது ஒரு பவர் சப்ளைனால. சர்வீஸ் பையன் வந்து கேட்டான், ராக்குல இல்ல, ஆர்டர் போட்டு 2 மாசம் ஆச்சு, கஸ்டமர் கத்துறான், சரின்னு விக்க வச்சிருந்த புது மெஷின பிரிச்சு அதுல இருந்து கழட்டி குடுத்துட்டோம். பெட்டிய திரும்ப டேப் ஒட்டி மேல மார்க்கர்ல 'பவர் சப்ளை இல்ல'ன்னு எழுதி ஓரமா வச்சேன். அடுத்த வாரம் அதே பெட்டில இருந்து ஹார்ட் டிஸ்க் போச்சு, அப்புறம் மெமரி. 6 மாசத்துல அந்த மாதிரி பெட்டிங்க ஒரு சுவர் நீளத்துக்கு நின்னுச்சு, கணக்குல எல்லாமே முழு மெஷின்.

அடுத்தது குவாட்டர் முடிவு, அதாவது மூணு மாச கணக்கு முடியற நேரம். கடைசி வாரம் குடோன் காலியாகும், அத வித்ததா கணக்கு எழுதிடுவாங்க, அடுத்த மாசம் டீலர் விக்க முடியலன்னு பாதிய திருப்பி அனுப்புவான். ஒரு தடவ நடந்தா பரவால்ல, தொடர்ந்து மூணு குவாட்டர் நடந்தா உஷாராயிடுங்க. கம்ப்யூட்டர் சும்மா இருந்தாலே மதிப்பு குறையுற சரக்கு, நீங்க வாங்கி வச்ச ப்ராசஸர் விலை மாசா மாசம் இறங்கிட்டே இருக்கும். டெல் காரங்க ஆர்டர் வந்தப்புறம் மெஷின் கட்டுனதுல அவங்களுக்கு கிடைச்ச பெரிய லாபமே, இந்த மாதிரி சரக்கு தேங்கி விலை இறங்காததுதான்.

அப்புறம் இன்னும் ரெடியாகாத மாடல பத்தி இப்பவே பெருமை பேசறது. 1981ல ஆஸ்போர்ன் 1னு ஒரு மெஷின் வந்துச்சு, கிட்டத்தட்ட 11 கிலோ, தூக்கிட்டு போற கம்ப்யூட்டர்னு முதன்முதலா நல்லா வித்ததே அதுதான். அடுத்த மாடல பத்தி முன்கூட்டியே வெளிய பேசுனதும் டீலர்லாம் பழச வாங்கறத நிறுத்திட்டான், 1983 செப்டம்பர்ல திவால். அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, கேப்ரோ மாதிரி போட்டி வேற கழுத்த புடிச்சுது, இருந்தாலும் கதை நிலைச்சிடுச்சு, இந்த வியாதிக்கு பேரே ஆஸ்போர்ன் எஃபெக்ட்.

நம்மளுது பெரிய கம்பெனி, நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்காதீங்க. டிஜிட்டல் எக்விப்மெண்ட் 1957ல ஆரம்பிச்சு, ஒரு காலத்துல ஐபிஎம்முக்கு அடுத்த எடத்துல 1 லட்சம் பேருக்கு மேல வச்சு ஓடுன கம்பெனி, 1998ல காம்பேக் அத 960 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு, 2002ல அந்த காம்பேக்கே எச்பி வயித்துக்குள்ள போயிடுச்சு. வாங் லேப்ஸ் டைப் அடிக்கன்னே தனி மெஷின் வித்து கொழிச்சாங்க, சாதாரண பிசி அதே வேலைய செய்ய ஆரம்பிச்சதும் ஆட்டம் கண்டு 1992ல திவால் மனு போட்டாங்க.

சரி, அறிகுறி தெரிஞ்சிடுச்சு, என்ன பண்ணணும்? முதல் வேலை, கம்பெனிக்காக சொந்த காச செலவு பண்றத நிறுத்துங்க. எங்க மேனேஜர் "உன் கார்டுல டிக்கெட் போடு, மாசக் கடைசில வந்துடும்"னாரு, நானும் மூணு ட்ரிப் போட்டேன், இன்னிக்கு வரைக்கும் வரல. க்ளெய்ம சேத்து வச்சு போடாதீங்க, அன்னன்னிக்கே போட்டு அப்ரூவல் வாங்கி வைங்க, லீவு பாக்கி இருந்தா எடுத்து தீத்துடுங்க. பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், இன்க்ரிமெண்ட் லெட்டர், டாக்ஸ் பேப்பர் எல்லாம் வீட்டுல ஒரு காப்பி இருக்கணும், ஏன்னா மூடுற அன்னிக்கு காலைல பாஸ்வேர்ட் வேலை செய்யாது. ஆனா சோர்ஸ் கோடு, கஸ்டமர் லிஸ்ட் பக்கம் கைய வைக்காதீங்க, கேஸ்ல மாட்டுவீங்க.

ஷேர் குடுத்திருக்காங்கன்னு கனவு காணாதீங்க. திவால் வரிசைல அடமானம் வாங்கி கடன் குடுத்த பேங்க் முன்னாடி நிக்கும், சம்பள பாக்கிக்கு பல நாட்டு சட்டத்துல கொஞ்சம் முன்னுரிமை உண்டு, அதுக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கும், ஷேர் வச்சிருக்கவன் கடைசி ஆளு, அவன் கைக்கு வரும்போது தட்டு காலி. சம்பள பாக்கிக்கு க்ளெய்ம் ஃபார்ம் போட கடைசி தேதின்னு ஒண்ணு இருக்கும், அத தவற விட்டா அந்த கொஞ்சமும் போச்சு.

வேலை தேடறத மூடுறதுக்கு முன்னாடியே ஆரம்பிங்க, மூடுனப்புறம் அதே அனுபவத்தோட 300 பேரு ஒரே நாள்ல மார்க்கெட்டுக்கு வருவாங்க. ரெஸ்யூம்ல உங்க கம்பெனிக்குள்ள மட்டும் புழங்குற மாடல் பேரு, டூல் பேருலாம் போடாதீங்க, வெளிய இருக்கறவனுக்கு என்ன புரியும், "போர்டு லெவல்ல ஃபால்ட் கண்டுபிடிப்பேன்"னு நேரா எழுதுங்க. இத நான் லேட்டாதான் கத்துக்கிட்டேன், முதல் ரெண்டு இன்டர்வியூல எங்க மெஷின பத்தியே அரை மணி நேரம் பேசிட்டு வந்தேன்.

கடைசி நாள் லேப்டாப் திருப்பி குடுக்கும்போது சீரியல் நம்பர் எழுதி, சார்ஜர், பேக் வரைக்கும் குறிச்சு கையெழுத்து வாங்கி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. எனக்கு முன்னாடி க்யூல நின்னவரு அழுதுட்டே டேபிள்ல வச்சுட்டு போயிட்டாரு. 4 மாசம் கழிச்சு லிக்விடேட்டர் (மூடுன கம்பெனி சொத்த வித்து கடன அடைக்கறவர்) ஆஃபீஸ்ல இருந்து அவருக்கு மெயில் வந்துச்சு, சார்ஜர் எங்கன்னு.