‘ஆண்டவர் சொன்னார்’ என்று சொல்வதற்கு முன்: வெளிநாட்டு ஊழியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் புறப்படுகிறவர்களுக்கு நடக்கும் பயிற்சி முகாம்களில் சில வருடங்களாகப் பேசி வருகிறேன். ஒவ்வொரு முகாமிலும் பின்வரிசையில் யாராவது ஒருவர் எழுந்து, நான் இருபத்தாறு வயதில் சொன்ன ‘ஆண்டவர் என்னிடம் சொன்னார்’ என்பதை வார்த்தை மாறாமல், அதே கண்ணீரோடு சொல்வார். பாதி சிரிப்பு வரும், பாதி வயிற்றைக் கலக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மொழி படிக்காமல் போகாதீர்கள், அந்த ஊர் வழக்கத்தைக் கேலி செய்யாதீர்கள், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் அனுப்புகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது பணித்தளத்தில் இறங்கிய பிறகு நடப்பது. ஒருநாள் ஜெபத்தில் ‘இதைச் செய்’, ‘அந்த ஊருக்குப் போ’ என்று மனதில் ஒரு பாரம், ஒரு உந்துதல், வந்து உட்காரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் என்ன செய்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறோம்.

காய்ச்சலில் வந்த தரிசனம்

முதல் இரண்டு மாதம் எல்லாமே அழகாக இருக்கும். அப்புறம் ஒரு கட்டம் வரும்: பேச்சு பாதிதான் புரியும், தூக்கம் கெடும், உடன் ஊழியர் தொண்டையைச் செருமினால்கூட எரிச்சலாக இருக்கும். எனக்கு ஐந்தாம் மாதம் மலேரியா வந்தது. படுக்கையில் கிடந்த மூன்று நாளும் ‘வேறு நாட்டுக்குப் போ’ என்று தெளிவாகக் கேட்டது. காய்ச்சல் இறங்கியதும் அந்த அழைப்பும் இறங்கிவிட்டது.

அன்று தொடங்கி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மனதில் பட்டது என்ன, என்ன தேதி, முந்தின இரவு எவ்வளவு தூங்கினேன், உடம்பு எப்படி இருந்தது, அந்த வாரம் யாரோடு மனஸ்தாபம். இப்போதெல்லாம் எழுதி மூடிவிட்டு நாற்பது நாள் கழித்துத்தான் திறப்பேன். நாற்பதுக்கு வேதாகமக் கணக்கு எதுவும் சொல்ல வரவில்லை, மறக்காத எண் என்பதால் வைத்துக்கொண்டது.

‘ஆண்டவர் என்னிடம் சொன்னார்’

இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. செய்தவன் நான் என்பதால் எரிச்சல் இரண்டு மடங்கு.

இரண்டாம் வருடம். என்னைப் பொறுப்பேற்று வைத்திருந்தவர் அந்த நாட்டுப் போதகர், அறுபதை நெருங்கியவர். ஆற்றுக்கு அப்பால் மலைமேல் ஒரு கிராமம் இருந்தது. மாதம் ஒருமுறை அங்கே நடந்து போவார். பிரசங்கம் கிடையாது, துண்டுப்பிரதி கிடையாது. ஊர்ப் பெரியவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் எழுதிக் கொடுப்பார். இறங்கி வந்துவிடுவார். ஆறு வருடமாக இதேதான். எனக்கு அது ஊழியமாகவே தெரியவில்லை.

ஒரு உபவாச ஜெபத்தின் கடைசி நாளில் அந்தக் கிராமத்தின் பெயர் என் மனதில் வந்து நின்றது. மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கழன்ற செயினை மாட்டிக்கொண்டிருந்தார், கையெல்லாம் கிரீஸ்.

“பாஸ்டர், அந்த ஊரில் கூட்டம் நடத்தச் சொல்லி ஆண்டவர் என்னிடம் சொன்னார்.”

கொஞ்ச நேரம் செயினையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்போது?” என்றார்.

“இந்த வெள்ளிக்கிழமை.”

“சரி” என்று சொல்லிவிட்டுப் பழைய துணியில் விரல் விரலாகத் துடைத்தார். அந்தச் ‘சரி’யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று பேர், ஒரு ஸ்பீக்கர், ஒரு பேட்டரி. வெள்ளி இரவு நல்ல கூட்டம். வேடிக்கை பார்க்க யார்தான் வரமாட்டார்கள்? ஞாயிறு மதியம் அதிகாரிகள் வந்தார்கள். என் விசா மொழி படிப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. எனக்கு ஒரு எச்சரிக்கை, ஒரு கையெழுத்து, அத்தோடு சரி. எங்களுக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரரை நான்கு முறை காவல் நிலையத்துக்கு வரச்சொல்லி நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். ஊர்ப் பெரியவர் அதற்குப் பிறகு போதகரை வாசலில் ஏற்றவில்லை. ஆறு வருட நடை மூன்று நாளில் முடிந்தது.

பல வருடம் கழித்து, “அன்றைக்கு ஏன் என்னைத் தடுக்கவில்லை?” என்று அவரிடம் கேட்டேன். “நீங்கள் என்னிடம் கேட்கவில்லையே, சொன்னீர்கள்” என்றார். “ஆண்டவர் சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல?”

சிக்கல் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. ‘ஆண்டவர் சொன்னார்’ என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. மறுத்துப் பேசுகிறவர் என்னையல்ல, ஆண்டவரை மறுக்கிறவர் ஆகிவிடுகிறார். நான் விருந்தாளி, வெளிநாட்டுக்காரன், என் பின்னால் காணிக்கை வருகிறது. இத்தனைக்கும் மத்தியில் அவர் எப்படி ‘வேண்டாம்’ என்பார்?

அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தை எத்தனை முறை பிரசங்கம் பண்ணியிருப்பேன்! துரோவா பட்டணத்தில், மக்கெதோனியாவுக்கு வரச்சொல்லி அழைக்கும் தரிசனம் பவுல் ஒருவருக்குத்தான் வருகிறது. ஆனால் அடுத்த வசனமே ‘நாங்கள்’ என்று மாறிவிடுகிறது: ஆண்டவர் எங்களை அழைத்தார் என்று நாங்கள் நிச்சயித்தோம் என்கிறார் அதை எழுதிய லூக்கா. கூட இருந்தவர்கள் சேர்ந்து முடிவுக்கு வந்திருக்கிறார்கள். 13-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோகியாவில் சபையின் தீர்க்கதரிசிகளும் போதகர்களுமாக ஐந்து பேர் உபவாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடச் சொல்லி ஆவியானவரின் கட்டளை வருகிறது. மறுபடியும் உபவாசித்து, கைகளை வைத்து அனுப்புகிறார்கள். தமஸ்குவுக்குப் போகும் வழியில் ஆண்டவரின் சத்தத்தையே கேட்ட அந்தச் சவுலுக்கு, அதாவது பவுலுக்கு, இந்த ஒழுங்கு தேவைப்பட்டது. எனக்குத் தேவைப்படவில்லையாம்!

இப்போது நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். “என் மனதில் இப்படி ஒரு பாரம் இருக்கிறது. நான் அங்கே போனால் யாருக்குச் சிக்கல் வரும்?” என்று கேளுங்கள். ‘போகலாமா?’ என்று கேட்டால் ‘போகலாம்’ என்றுதான் பதில் வரும், மரியாதைக்கு. யாருக்குச் சிக்கல் என்று கேட்டால் பெயர் பெயராக வரும். நேரில் ஒருமுறை, அவருக்கு நெருக்கமான ஒருவர் மூலம் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து இன்னொருமுறை கேளுங்கள். எதிரே இருப்பவர் பேச்சை மாற்றினால் அது ‘வேண்டாம்’தான்.

போன முகாமில் ஒரு இளைஞர், “மனுஷருக்குப் பயந்தா ஊழியம் செய்வது?” என்று கேட்டார். அதிகாரிகள் வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அவர் வீடு அங்கே இல்லை.

மனைவிக்கு வராத அழைப்பு

வில்லியம் கேரியை 1793-இல் இந்தியாவுக்கு வந்த முன்னோடி மிஷனரி என்று கொண்டாடுகிறோம். அவர் மனைவி டாரதி முதலில் வர மறுத்தார். புறப்படும் நேரத்தில், தன் தங்கையும் உடன் வந்தால்தான் வருவேன் என்று சம்மதித்தார். 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். டாரதியின் மனநிலை பாதிக்கப்பட்டு, 1807-இல் இறக்கும்வரை மீளவில்லை. கேரியின் முதல் இந்திய விசுவாசியான கிருஷ்ண பால் 1800 டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்றதை எல்லோரும் சொல்கிறார்கள். டாரதியின் கதையைச் சொல்கிறவர்கள் குறைவு. உங்கள் மனைவியோ கணவரோ ‘ஜெபிப்போம்’ என்று மட்டும் சொன்னால், இன்னும் சம்மதிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா விசாவில் ஊழியம்

வேண்டாம்.

வராத பணத்தை வாக்குக் கொடுப்பது

‘விசுவாசத்தில் சொன்னேன்’ என்றால் பாதியில் நிற்கும் சுவர் எழும்பிவிடாது.

மூடிய கதவெல்லாம் சாத்தானின் வேலை என்பது

அதே 16-ஆம் அதிகாரத்தில் ஆசியா, பித்தினியா என்ற அன்றைய ரோம மாகாணங்களுக்குப் போகவிடாமல் பவுலைத் தடுத்தவர் ஆவியானவரே. மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் சீனாவுக்குப் போகத்தான் மருத்துவம் படித்தார். அபினிப் போர் குறுக்கே வந்தது, 1841-இல் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தார். இன்னொரு மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1893-இல் ஜப்பானுக்குப் போய், உடல்நலம் கெட்டுப் பதினைந்து மாதத்தில் கிளம்பினார். 1895-இல் இந்தியா வந்தவர் 1951-இல் டோனாவூரில் இறக்கும்வரை திரும்பிப் போகவேயில்லை. விசா மறுக்கப்பட்டால் உடனே ‘பிசாசைக் கட்டி ஜெபிக்க’ உட்கார வேண்டியதில்லை. முதலில் விண்ணப்பத்தைச் சரியாக நிரப்பினோமா என்று பாருங்கள்.

பாதியில் திரும்பினால் அவமானம் என்று நினைப்பது

பவுலோடு ஊழியத்துக்குப் புறப்பட்ட மாற்கு, பெர்கே பட்டணத்திலிருந்து பாதியில் திரும்பிப் போனார். அதே மாற்கை அழைத்துக்கொண்டு வரும்படி பவுல் பிற்பாடு தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

அந்த நோட்டைப் போன மாதம் எடுத்துப் பார்த்தேன். பதினாறு பாரங்கள் எழுதியிருக்கிறேன். நாற்பது நாளைத் தாண்டி நின்றவை மூன்று. அதில் ஒன்று அந்த மலைக்கிராமம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில், போதகரிடம் பேசிவிட்டு வந்த அன்று இரவு எழுதியது இன்னும் இருக்கிறது: ‘பாஸ்டர் சரி என்று சொல்லிவிட்டார்.’