பிளேன் வயர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி: நாங்க பண்ணின, நீங்க பண்ணக்கூடாத தப்புங்க

போன குறுவை நடவு முடிஞ்ச கையோட எங்க மச்சான் மோட்டார் கொட்டகைல கரண்டு இருக்கு ஆனா மோட்டார் ஓடல, போய்ப் பாத்தா எலி வயர கொறிச்சு வச்சிருக்கு, அவரு பல்லாலயே வயர உரிச்சு ரெண்டு முனையையும் முறுக்கி கருப்பு டேப்ப நாலு சுத்து சுத்திட்டு ஸ்டார்ட்டர அமுக்கினாரு, தண்ணி வந்துருச்சு. "ஏன் மாப்ள, இதத்தான நீ வெளிநாட்டுல ஏரோப்ளேன்ல பண்ணி சம்பளம் வாங்கின"ன்னு ஒரு சிரிப்பு வேற. நானும் சிரிச்சிட்டு விட்டுட்டேன். ஆனா யோசிச்சுப் பாத்தா அவரு கேட்டதுல பாதி நெசம்தான். ஹேங்கருக்கு, அதாவது பிளேன நிறுத்தி ரிப்பேர் பாக்குற கொட்டகைக்கு, புதுசா வர்ற பசங்க பண்ற தப்புல முக்காவாசி இந்த மோட்டார் கொட்டகை பழக்கம்தான், நானும் மன்னார்குடி பக்கத்துலேருந்து அந்தப் பழக்கத்தோடதான் போனேன், மொத ரெண்டு வருஷம் திட்டு வாங்கியே கத்துக்கிட்டேன். இப்ப நம்ம பக்கத்துப் புள்ளைங்க நெறைய பேரு ஏஎம்ஈ, அதாவது விமானப் பராமரிப்பு படிப்பு, படிக்கிறாங்க, திருச்சி ஏர்போர்ட்டுக்கு சொந்தக்காரங்கள ஏத்தி விடப் போறப்ப பிளேன பாத்து ஆசப்பட்டு சேந்தவங்கதான் பாதிப் பேரு. அவங்களுக்காக எழுதுறேன்.

மொத தப்பு மனசுல இருக்குறது. "பழைய பிளேன்லதான் வயர் கெடும்"னு நெனைக்கிறது. 1996 ஜூலை 17ஆம் தேதி நியூயார்க்லேருந்து பாரிஸ் கெளம்பின டிடபிள்யூஏ 800, போயிங் 747, ஏறி 12 நிமிஷத்துல நடு டேங்க் வெடிச்சு 230 பேரும் போயிட்டாங்க. அது 25 வருஷ விமானம். எதனால பொறி வந்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியலன்னாலும், டேங்குக்கு வெளிய எங்கயோ வயர் ஷார்ட் ஆகி, எரிபொருள் அளவு காட்டுற மெல்லிசு வயர் வழியா அதிக வோல்டேஜ் உள்ள போயிருக்கறதுக்குதான் வாய்ப்பு அதிகம்னு விசாரணைல சொன்னாங்க. சரி, இது பழசு. ஆனா 1998 செப்டம்பர் 2ஆம் தேதி கனடா பக்கம் கடல்ல விழுந்த ஸ்விஸ்ஏர் 111, அந்த எம்டி-11க்கு வயசு 7தான். 229 பேரு. காக்பிட் கூரைக்கு மேல, பயணிங்க படம் பாக்குறதுக்காக பின்னாடி சேத்த சிஸ்டத்தோட வயர்ல ஆர்க் (கரண்டு தாவி அடிக்கிற பொறி) அடிச்சு, பக்கத்துல இருந்த, சூடு குளிர தடுக்குற இன்சுலேஷன் போர்வைல தீப்புடிச்சிருக்கு. அதனால வயச பாக்காதீங்க, யாரு எப்ப அந்த எடத்த தொறந்து கை வச்சாங்கன்னு பாருங்க. என் அனுபவத்துல வயர் தானா கெட்டுப்போறத விட, பக்கத்துல வேற ஏதோ வேல பாக்க வந்தவன் கை, கால், ஸ்பேனர் பட்டு கெடுறதுதான் ஜாஸ்தி.

கை வைக்கிறதுன்னதும் ஞாபகம் வருது, தொறந்தவுடனே பண்டில, அதாவது வயர் கட்ட, புடிச்சு இழுத்துப் பாக்காதீங்க. நம்மாளுங்களுக்கு எதையும் அசைச்சுப் பாத்தாதான் நம்பிக்க. பழைய வயரோட இன்சுலேஷன் (மேல் ஒறை) வெயில்ல காஞ்ச பனையோல மாதிரி, கெடக்குற வரைக்கும் முழுசா கெடக்கும், வளைச்சா விரிசல் விட்டுரும், அப்புறம் அந்த விரிசல் ஏற்கனவே இருந்ததா நீங்க உண்டாக்கினதான்னு யாருக்கும் தெரியாது. மொதல்ல டார்ச், கண்ணாடி, கண்ணு. அங்கங்க கருப்பா ஒரு தேய்மான கோடு, பண்டில புடிச்சு நிறுத்துற கிளாம்ப் உள்ள ரப்பர் நைஞ்சு போயி இரும்பு நேரா வயர்ல உக்காந்திருக்கறது, நெறம் மாறினது, பச்ச பூத்தது, பண்டில் தொங்கி பக்கத்து பைப்ப தொடுறது, இதெல்லாம் தொடாமயே தெரியும். ரெண்டு கிளாம்புக்கு நடுவுல லேசா கையால அமுக்கினா அரை இன்ச்சுக்கு மேல தொய்யக்கூடாதுங்கறது பொதுவான கணக்கு. அதுக்காக வீணை தந்தி மாதிரி விறைப்பாவும் இருக்கக்கூடாது, பிளேன் உடம்பு பறக்கறப்ப வளையும், விறைப்பா இருந்தா கனெக்டர் (வயர சொருகி இணைக்கிற முனை) உள்ளேருந்து பின்னு பிடுங்கிட்டு வந்துரும். ஏர்பஸ் ஏ380ல 500 கிலோமீட்டருக்கு மேல வயர் ஓடுது, நம்ம காவிரி தலைக்காவேரிலேருந்து பூம்புகார் வரைக்கும் வர்ற தூரத்துல பாதிக்கு மேல. 2006ல அந்த விமானம் லேட் ஆனதுக்கு பெரிய காரணமே ஹாம்பர்க்ல ஒரு சாஃப்ட்வேர் வெர்ஷன், துலூஸ்ல வேற வெர்ஷன், ரெண்டு பேரும் போட்ட வயர் டிசைன் ஒண்ணுக்கொண்ணு சேராம போனதுதான். அவ்ளோ பெரிய கம்பெனிக்கே வயர் நீளம் தண்ணி காட்டிருக்கு.

அப்புறம் பண்டில கைப்புடியா, படிக்கட்டா பயன்படுத்துறது. சக்கரம் உள்ள மடங்கிப் போற எடத்துல மேல ஏற புடிமானம் இருக்காது, கைக்கு எட்டுறது வயர் பண்டில்தான், புடிச்சு தொங்கிட்டு ஏறுவாங்க. நானும் பண்ணிருக்கேன், வெக்கமா இருக்கு. ஷீட் மெட்டல்காரங்க ட்ரில் போடுறப்ப கீழ ஓடுற பண்டில மூடாம விடுறது அதைவிட மோசம். அலுமினியச் சுருள் பிளேடு மாதிரி, பண்டில் இடுக்குல விழுந்து உக்காந்துக்கும், அடுத்த ஆறு மாசம் அதிர்வுல மெதுமெதுவா இன்சுலேஷன அறுக்கும். போடுறதுக்கு முன்னாடி மூடணும், முடிஞ்சதும் வேக்குவம் வச்சு உறிஞ்சணும், காத்தடிச்சு ஊதுனா இன்னும் உள்ளதான் போகும். தூசி, பஞ்சு சேர்றதையும் அழுக்குதானன்னு விடாதீங்க, ஒரு பொறி விழுந்தா எரியறதுக்கு தயாரா கெடக்குற வைக்கோல் அது.

தண்ணி விஷயம் டெல்டாக்காரனுக்கு சொல்லவா வேணும். ஆனா மழையில்லாத எடத்துலயும் பிளேனுக்குள்ள தண்ணி வரும்ங்கறத பல பேரு நம்ப மாட்டாங்க. மேல வெளிய மைனஸ் 50 டிகிரி குளிர், கீழ எறங்கினா திருச்சி மாதிரி ஊர்ல பிசுபிசுன்னு ஈரக்காத்து, உள்பக்க தகடெல்லாம் வேர்த்து போர்வை வழியா சொட்டும். அதோட பிளேன் சமையக்கட்டுல கொட்டுற காபி, சக்கர தண்ணி, டாய்லெட்ல கசியிற நீலத் தண்ணி, ஹைட்ராலிக் ஆயில். காபிய துடைச்சாச்சு, தரைக்கு கீழ போனத யாரு பாத்தா? வீட்டு மீட்டர் பெட்டிக்குள்ள சர்வீஸ் வயர் நுழையிறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு விட்டு மேல ஏத்துவாங்கல்ல, மழத்தண்ணி வயர் வழியா பெட்டிக்குள்ள எறங்காம வளைவுலயே சொட்டிரும். பிளேன்லயும் கனெக்டருக்கு முன்னாடி அதே வளைவு இருக்கும். ரிப்பேர் பண்றப்ப "வயர் மிச்சமா தொங்குதே"ன்னு அதை இழுத்துக் கட்டிட்டு போற புத்திசாலிங்க இருக்காங்க. எரிபொருள், ஆயில் பைப்புக்கு பக்கத்துல ஓடுற வயர் பைப்புக்கு மேலதான் ஓடணும், கீழ ஓடினா கசிவு நேரா வயர் தலைல.

இப்ப நம்ம மச்சான் விஷயத்துக்கு வர்றேன், முறுக்கி டேப் சுத்துறது. பிளேன்ல இது ரிப்பேரே கெடையாது. டேப் பசை சூட்டுல உருகி தூசிய புடிச்சுக்கும், முறுக்கின எடம் அதிர்வுல தளர்ந்து சூடாகும். சரின்னு ஈயம் வச்சு பத்த வச்சா? அதுவும் வேண்டாம், ஈயம் இழைங்களுக்குள்ள ஊறி அந்த எடத்த குச்சி மாதிரி விறைப்பாக்கிரும், விறைப்பு முடியிற எடத்துல ஆடி ஆடி ஒடியும். அதனாலதான் கிரிம்ப் ஸ்ப்ளைஸ், அதாவது ரெண்டு முனையையும் ஒரு சின்ன உலோகக் குழாய்ல சொருகி டூலால நசுக்கி சேக்குறது. அதுலயும் தப்பு இருக்கு பாருங்க. வயர உரிக்கிறப்ப கத்தி வச்சு உரிச்சா உள்ள இழை வெட்டுப்படும், 19 இழை வயர்ல மூணு இழை போச்சுன்னா மிச்சம் இருக்குறது தாங்கணும், வெட்டுப்பட்ட எடத்துலதான் ஒடியவும் செய்யும். உரிக்கிற டூல்ல அந்த வயர் சைசுக்கு உள்ள பல்லுதான் வைக்கணும். கிரிம்ப் டூல் முழுசா அமுங்காம விடாத ராட்செட் டைப்பா இருக்கணும், கேலிபரேஷன் தேதி தாண்டிருக்கக்கூடாது. சிவப்பு ஸ்லீவு சின்ன வயருக்கு, நீலம் அடுத்த சைசுக்கு, மஞ்சள் பெரிசுக்கு. "சிவப்பு தீந்துபோச்சு, நீலத்துல ரெண்டா மடிச்சு சொருகிட்டேன்"னு ஒருத்தன் எங்கிட்டயே சொன்னான். இழுத்துப் பாத்தேன், கையோட வந்துருச்சு.

ரெண்டு கனெக்டருக்கு நடுவுல ஒரு வயர்ல ஒரு ஸ்ப்ளைஸ்தான், அதுக்கு மேல போட வேண்டி வந்தா புது வயர் இழுக்குறது நல்லது. பண்டில்ல பல வயர் அடிபட்டிருந்தா எல்லா ஸ்ப்ளைசையும் ஒரே எடத்துல போடாதீங்க, கொத்தனார் செங்கல் மூட்ட மாத்தி மாத்தி வைக்கிற மாதிரி தள்ளித் தள்ளி வரணும், இல்லன்னா அந்த எடம் பாம்பு எலிய முழுங்கின மாதிரி வீங்கி கிளாம்புக்குள்ள நசுங்கும். அலுமினிய வயரா செம்பு வயரான்னு பாக்காம செம்பு டெர்மினல (வயர் முனைல மாட்டுற துண்ட) போடுறதும் நடக்குது. நம்ம ஊர்ல அலுமினிய சர்வீஸ் வயர செம்போட முறுக்கி விட்ட எடம் கருகி நாறும்ல, அதே கததான். இருந்த வயர் என்ன வகையோ அதே வகை, இல்லாட்டி மேனுவல் ஒத்துக்கிட்ட மாத்து வயர்தான் போடணும், கடைல கெடைச்சது இல்ல. பெரிய விமானத்துக்கு மேனுவலோட சாப்டர் 20ல தனி புத்தகமே இருக்கு, எந்த வயருக்கு எந்த ஸ்ப்ளைஸ், எந்த டூல்னு. ஞாபகத்துல வேல பாக்குறவன நான் நம்ப மாட்டேன், 20 வருஷ அனுபவம் இருந்தாலும்.

கட்டுறதுலயும் ஒரு கலை இருக்கு. பிளாஸ்டிக் டைய இறுக்கி இழுத்தா வயர்ல பள்ளம் விழும், வெட்டின முனை நீட்டிக்கிட்டு அடுத்தவன் கைய கிழிக்கும், இஞ்சின் பக்கம் மாதிரி அதிர்வு, சூடு ஜாஸ்தியான எடத்துல போடவே கூடாது, அங்க நூல்நாடா வச்சு கையாலதான் கட்டணும். புது பசங்களுக்கு இந்த முடிச்சு வரவே வராது. எங்க அம்மா ஸ்ரீரங்கத்துக்கு போறப்பல்லாம் உதிரிப்பூ வாங்கிட்டு வந்து கட்டும், காம்பு நசுங்காது, ஆனா மாலைய ஒதறினாலும் ஒரு பூ விழாது. பண்டிலுக்கும் அந்த இறுக்கம்தான். வளைக்கிறதுலயும் அளவு இருக்கு, தாங்கல் இல்லாத எடத்துல பண்டில்ல இருக்குற பெரிய வயரோட தடிமனுக்கு பத்து மடங்குக்கு குறையாம வளைவு வேணும்.

இப்ப எனக்கு கோவம் வர்ற விஷயம். பிரேக்கர் விழுந்தா திரும்ப அமுக்குறது. ஊர்ல பீஸ் போனா ஒத்த இழைக்கு பதிலா நாலு இழை தடிமனா கம்பிய போட்டு "இனி போவாது"ன்னு சந்தோஷப்படுவோம், பீஸ் போகாது, மோட்டார் காயில்தான் போகும். பிரேக்கர் இருக்குறது மெஷின காப்பாத்த இல்ல, வயர காப்பாத்த. அது விழுந்துச்சுன்னா வழில எங்கயோ வயர் கத்துதுன்னு அர்த்தம், காரணம் தெரியாம அமுக்கினா அந்த எடத்துக்கு மறுபடியும் கரண்ட அனுப்புறீங்க. 1970கள்லேருந்து நெறைய விமானத்துல போட்ட கேப்டான் வயர், லேசானது, சூடு தாங்கும், ஆனா விரிசல்ல ஈரம் சேந்து ஆர்க் அடிச்சா அந்த இன்சுலேஷனே கரியா மாறிரும். கரி கரண்ட கடத்தும். ஒரு வயர்ல ஆரம்பிச்சது பக்கத்து வயருக்கு தாவி பண்டிலே போகும். பிரேக்கர் விழுந்து நின்னத நீங்க அமுக்கி திரும்ப ஆரம்பிச்சு வைக்கிறீங்க. எரிபொருள் பம்ப் சர்க்யூட்னா நெனச்சுக்கூட பாக்காதீங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு, பிரேக்கர் விழலன்னா வயர் நல்லா இருக்குன்னும் அர்த்தம் இல்ல. சாதா பிரேக்கர் சூட்டுலதான் வேல செய்யும், விட்டு விட்டு அடிக்கிற ஆர்க் அது சூடேறுறதுக்குள்ள வேலைய முடிச்சிரும். ஸ்விஸ்ஏர் விசாரணைலயும் இந்தக் குறையதான் சொன்னாங்க. "28 வோல்ட்தான அண்ணே, தொட்டாக்கூட ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்ற தம்பிக்கும் இதான் பதில், ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது, தூசிக்கு ஆகும்.

டெஸ்ட் பண்றதுல ரெண்டு தப்பு. மல்டிமீட்டர்ல பீப் வந்துச்சுன்னு வயர் ஓகேன்னு கையெழுத்து போடுறது, ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் வரும், இன்சுலேஷன் கிழிஞ்சிருக்கறது அதுக்கு தெரியாது. அதுக்கு மெகர், அதாவது அதிக வோல்ட் விட்டு இன்சுலேஷன சோதிக்கிற மீட்டர், வேணும். ஆனா மெகர் 500 வோல்ட் விடும், ரெண்டு பக்கமும் வயர் போய் சேர்ற எலக்ட்ரானிக் பெட்டிங்கள கழட்டாம விட்டா வயர் பாஸ் ஆகும், பெட்டி செத்துரும். நான் வேல பாத்த ஒரு எடத்துல இது நடந்து ஒரு கம்ப்யூட்டர் போச்சு, அந்த பையன் மூணு நாள் சோறு திங்கல. டேங்க் பக்கம் போற வயர்னா மேனுவல்ல சொன்ன டெஸ்டர தவிர வேற எதையும் வைக்காதீங்க.

எலி ஏறின விமானத்தப் பத்தி கேப்பீங்க. எலி கண்ணுல பட்டா பிடிச்சா மட்டும் பத்தாது, அது போன எடமெல்லாம் வயர தேடணும், மூத்திரம் பட்ட கனெக்டரும் அரிச்சுரும். நம்ம ஊர் கிட்டி அங்க செல்லாது, மச்சான்ட்ட சொன்னா நம்பவே மாட்டேங்குறாரு, ஒரு எலிக்காக அத்தன கோடி ரூபா பிளேன நிறுத்துவாங்களான்னு. நிறுத்துவாங்க.

கடைசியா வேல ஆரம்பிக்கிறப்பவே பண்ண வேண்டியது, எல்லாரும் அவசரத்துல விடுறது. கஜா புயலுக்கு அப்புறம் போஸ்ட்ல ஏறின லைன்மேன்கள பாத்திருப்பீங்க, கீழ ஒருத்தன் டிரான்ஸ்பார்மர்கிட்டயே நிப்பான், யாரும் ஏத்திவிடக்கூடாதுன்னு. பிளேன்ல பிரேக்கர இழுத்துட்டு அதுல யாரும் திரும்ப அமுக்க முடியாதபடி காலர் மாட்டி, சிவப்பு டேக் கட்டி, லாக்புக்ல எழுதிட்டுதான் பண்டில தொடணும். ஷிப்ட் மாறுறப்ப வாயால சொல்லிட்டு போறது கணக்குலயே வராது. ஸ்ப்ளைஸ் போட்ட எடம், வயர் நம்பர், எந்த டூல், அந்த டூலோட நம்பர், எல்லாம் எழுதுங்க, அஞ்சு வருஷம் கழிச்சு அந்தப் பேனல தொறக்குறவனுக்கு ஏற்கனவே ஒரு ஸ்ப்ளைஸ் இருக்குன்னு தெரியணும். பேனல் மூடுறதுக்கு முன்னாடி டூல்ஸ எண்ணுங்க, உரிச்சப்ப விழுந்த இன்சுலேஷன் துண்டையும் பொறுக்குங்க, வேற ஒருத்தர கூப்பிட்டு டார்ச் அடிச்சு பாக்க சொல்லுங்க, அதுக்கப்புறம்தான் ஸ்க்ரூ.