கிணற்று நீச்சல்காரர்கள் ஹேவ்லாக்கில் செய்யும் தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் பயம் கிடையாது. அந்தமானுக்குச் சுற்றுலா போனால், காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் டைவிங்குக்கு முதலில் பெயர் கொடுப்பதும் அவர்கள்தான். ஹேவ்லாக் தீவில் புதியவர்களை நீமோ ரீஃப் என்ற பவளத்திட்டில் இறக்குவது வழக்கம். கரையிலிருந்தே இறங்கலாம், ஆழம் குறைவு, பயிற்றுநர் கூடவே வருவார். நீச்சலே தெரியாதவர்கள்கூட அவர் சொன்னபடி கேட்டுப் போய் வருகிறார்கள். தெரிந்தவர்களிடம்தான் சிக்கல்.

தம் கட்டுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. கிணற்றில் மேலே இழுத்த காற்றோடு இறங்குகிறோம்; ஏறும்போது அது பழைய அளவுக்குத்தான் திரும்பும். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியலாம். எனவே மூச்சை நிறுத்தவே கூடாது.

அடுத்தது காது. கிணற்றடி மண்ணை அள்ளிவந்து காட்டும் பந்தயத்தில் காதுவலியைப் பொறுத்துப் பழகியிருப்போம். இங்கே அந்த வீரம் செவிப்பறையைக் கிழித்துவிடும். வலி வரும் முன்பே, இறங்கத் தொடங்கியதுமே மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். காசு கட்டியாச்சே என்று ஆஸ்துமாவைப் படிவத்தில் மறைப்பதும் வேண்டாம்.

அப்புறம் அந்த மண் அள்ளும் கை. பவளம் உயிருள்ள பிராணி. கல் போலக் கிடப்பது கல் மீனாகவும் இருக்கலாம்; அதன் முதுகு முள்ளில் கடும் விஷம். கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பூப்போல விரிந்திருக்கும் அனிமோன் என்ற கடல் உயிரிக்கு முன்னால் கொஞ்சம் அசையாமல் இருங்கள், ஒளிந்த கோமாளி மீன் தானே எட்டிப் பார்க்கும். அந்தக் கூட்டத்தில் பெரியதுதான் பெண். அது செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும்! பவளத் துண்டு, கடல் அட்டை எதையும் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

திரும்பும் டிக்கெட்டையும் கவனியுங்கள். ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறலாம்; உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், டைவின்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகிவிடலாம். இது கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர்களுக்கும் பொருந்தும். தருமபுரி அதற்குக் கீழே; ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். புதுச்சேரியில் காலையில் டைவ் அடித்துவிட்டு மதியமே ஓசூருக்கு வண்டி எடுப்பவர்கள் அன்றிரவு புதுச்சேரியிலேயே தங்கிக்கொள்வது நல்லது.